வெட்டலாம், பிரிக்கக் கூடாது

எங்கள் காலனி வாசகசாலைக்கு வரும் வார இதழ்களில் ஜன்னல்கள் இருக்கும். பதின்மூன்றாம் பக்கத்தில் உள்ளங்கையகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. அதன் வழியே பதினைந்தாம் பக்கத்துச் சமையல் குறிப்பு எட்டிப் பார்க்கும். தொடர்கதையில் அவன் அவளுடைய கையைப் பிடித்து அருகே இழுத்தான் என்ற வரியைப் படித்த கையோடு, 'கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை போட்டு இறக்கவும்' என்று படித்தவள் நான். தாராபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதம் அது. புகுந்த இடம் எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்கே கொஞ்சம் புரிந்துவிட்டது.

ஜன்னல் வைத்தவர் காலனிச் சங்கத்தின் செக்ரட்டரி. துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த எங்கள் காலனியில் பம்ப் செட் கம்பெனிக்காரர்களும் மில் ஆபீஸ்காரர்களும் நிறைய. அவர் மட்டும் தபால்காரர். வீடு வீடாகப் போகிற தபால்காரர் அல்ல. ரயிலில் தபால் பிரிப்பவர். ஓடுகிற பெட்டிக்குள் நின்றுகொண்டே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அடுக்குகிற வேலை. இரண்டு நாள் வண்டி, அப்புறம் ஓய்வு. அந்த ஓய்வு நாட்களில்தான் எங்கள் பத்திரிகைகளுக்கு ஆபத்து.

ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை. அப்போது ஐம்பதை நெருங்கியிருப்பார். கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணாடியோடு ஒரு சின்னக் கத்தரிக்கோலும் இருக்கும். குரல் மட்டும் பஞ்சு மாதிரி. யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை. ஒரு முத்தத்தை வெட்டி எடுக்கும்போதுகூட, பிள்ளையின் காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு பதமாகத்தான் எடுப்பார். வெட்டியதைத் திரும்பப் படிக்க மாட்டார். சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் வீட்டு வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவார்.

முத்தம் மட்டுமில்லை. குடி, கொலை, தேர்தல் நெருங்கினால் தலைவர்களின் வசவுகள் எல்லாம் போகும். அவிநாசி ரோட்டில் லாரி மோதிய செய்தி கட்டாயம் போகும். காலனி ஆண்களில் பாதிப் பேர் தினமும் ஸ்கூட்டரில் போவது அந்த ரோட்டில்தான். பொம்பளைகள் படித்தால் சாயங்காலம் வரைக்கும் வெசனப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. சில நாள் தங்கம் விலையும் மழை நிலவரமும் மட்டும்தான் எங்களுக்கு வந்து சேரும். எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவருக்கு இதனால் நல்ல வியாபாரம். ஓட்டையில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆளாளுக்கு அங்கே போய் அதே இதழை வாங்கினோம். தீபாவளிக்கு அந்தக் கடைக்காரர் செக்ரட்டரி வீட்டுக்கு ஒரு பெட்டி மிக்சர் கொடுத்தனுப்பினார். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எல்லாம் சிரிக்கிற சமாசாரமாகவே இருந்துவிடவில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் வேலை பார்த்த மில்லைக் காலவரையின்றி மூடப் போகிறார்கள் என்ற செய்தி ஒருநாள் பேப்பரில் வந்தது. அன்றைக்கு அவர் மகளுக்குக் காதுகுத்து. செக்ரட்டரி அந்தச் செய்தியை வெட்டிவிட்டார். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் மில் வாசலில் கூடி நிற்க, இவர் மட்டும் காதுகுத்துக்கு வந்த உறம்பரைக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் வந்து சண்டை பிடித்தார். ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் செய்ததாகச் செக்ரட்டரி சொன்னார். என் நிம்மதியை நீ யார் வெட்டிக் கொடுக்க என்று காதுகுத்து வீட்டுக்காரர் கேட்டார். அந்த மனிதர் ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை. செக்ரட்டரி வெட்டுவதை விடவும் இல்லை.

ஆனால் கடிதம் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. பூட்டிய வீடுகளுக்கு வரும் தபாலைத் தபால்காரர் வாசகசாலையில் போட்டுவிட்டுப் போவார். செக்ரட்டரி அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்துத்தான் கொடுப்பார். போஸ்ட் கார்டாக இருந்தாலும் அப்படித்தான். எழுதியவரே ஊருக்குத் தெரியட்டும் என்று திறந்து எழுதியது, அதையும் கவிழ்ப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டம்மா, தன் மகளுக்கு வந்த இன்லண்டு லெட்டரைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்து என்னதான் இருக்கிறது பாருங்கள் என்று கேட்டார். உங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கமாயிற்றே என்று வேறு சொன்னார். செக்ரட்டரி முகம் வாடிப்போனது. இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்குப் பேர் இதுதானா என்று சொல்லிவிட்டு, அந்த லெட்டரை அவரே கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏனுங்கண்ணா, பத்திரிகைன்னா இந்த வெட்டு வெட்டறீங்க, கடுதாசின்னா கண்ண மூடிக்கறீங்க?"

"பத்திரிகை ஊருக்கு வர்றதுங்க அம்மணி. ஊருக்கு வர்றத ஊருக்காக ஒருத்தன் பாத்துப்போட்டுக் குடுக்கலாம். கடுதாசி ஒருத்தருக்கு வர்றது. அதுல எனக்கு என்னங்க சோலி?"

தொடர்கதையும் எனக்கென்றுதான் வருகிறது என்றேன். அடுத்த வாரம் ஓட்டை சற்றுச் சின்னதாக இருந்தது.

தொண்ணூற்றொன்பதில் எங்கள் வாசகசாலைக்கு இன்டர்நெட் வந்தது. காலனிச் சங்கத்துக்குப் பிரசிடெண்ட், பவுண்டரி வைத்திருந்த பெரிய மனிதர். பன்னிரண்டாம் நம்பர் வீடு. ஏரியாவில் எந்தக் காலனியிலும் இல்லாததாக எங்கள் காலனியில் ஒன்று இருக்க வேண்டும் என்று, தன் ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, டெலிபோன் லைனும் இழுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்திருந்ததால் அதை இயக்குகிற பொறுப்பு எனக்கு வந்தது. சாவி செக்ரட்டரியிடம்.

திறப்பு விழா முடிந்து எல்லாரும் ஆவலாக நின்றபோது செக்ரட்டரி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மொதல்ல நான் பூராப் படிச்சுப் பாத்துப்போடறனுங்க. அப்பறம் எல்லாருக்கும் தொறந்து உட்டரலாம்."

யாரும் சிரிக்கவில்லை. இன்டர்நெட் என்றால் எவ்வளவு பெரிசு என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு அரைகுறையாகத் தெரியும். மொத்தம் எத்தனை பக்கம் என்று என்னிடம் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். அச்சடித்தவனுக்குக்கூடவா தெரியாது என்றார். அப்படி ஒருத்தன் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்த மோடம் கத்தி, கரகரத்து, இழுத்து, ஒருவழியாக லைன் கிடைக்கும்வரை கைகூப்பாத குறையாகக் காத்திருப்பார். முதலில் துடியலூர் என்று தேடச் சொன்னார். ஒன்றும் இல்லை என்று வந்தது. பெருமூச்சு விட்டார், நம்மூரைப் பற்றித் தப்பாக எதுவும் இல்லை. அடுத்து அவிநாசி. கோயில் கோபுரம் கலசத்திலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கி வந்தது. அது முழுசாக வருவதற்குள் அவர் மூன்று பேருக்கு லெட்ஜரில் எழுதி வாசகசாலைப் புத்தகம் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் விடாமல் படித்தார். வெளியே ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, படிக்கப் படிக்க அது வளர்கிறது என்று என்னிடம் ஒப்புக்கொண்டார்.

திறந்துவிட்டார், ஆனால் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கத்தரிக்கோலால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதனால் டெலிபோன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டார். படங்கள் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது அவருக்கு நல்ல வசதி. நெற்றி வரும், கண் வரும், கழுத்து வரும், பார்த்துக்கொண்டே இருப்பார். தோள்பட்டையில் துணி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒயரைப் பிடுங்கிவிடுவார். ஒரு நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வெறும் தோளைப் பார்த்த வேகத்தில் பிடுங்கினார். நான்தான் சொன்னேன், அது பழனியாண்டவர் என்று. பாதியில் நின்றுபோன ஆண்டிக்கோல முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கிருத்திகைக்குப் பழனிக்குப் போய்விட்டும் வந்தார்.

ஈமெயில்தான் அவருக்குச் சொந்த வேலை மாதிரி ஆனது. மொத்தக் காலனிக்கும் ஒரே முகவரி. எழுதுகிறவர்கள் தலைப்பில், யாருக்கு எழுதுகிறார்களோ அவர் வீட்டு நம்பரையும் பேரையும் போட வேண்டும். வீட்டுக்கு ஒன்றாக நான் பெட்டிகள் பிரித்து வைத்திருந்தேன். வந்த தபாலை அந்தந்தப் பெட்டியில் இழுத்துப் போடுவது செக்ரட்டரியின் வேலை. தலைப்புக்குப் பக்கத்தில் அனுப்பியவர் பேரும், கீழேயே கடிதத்தின் முதல் நாலு வரியும் திரையில் தெரியும் என்பது அவருக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது. மிட்டாய்ப் பெட்டி அட்டையை 'ட' போல வெட்டி, பேரும் வரிகளும் மறையத் திரையில் செருகிக்கொண்டு பிரித்தார். அவை தெரியாமல் நிறுத்துவது எப்படி என்று நான் செய்து காட்டிய பிறகும் அட்டையைத்தான் நம்பினார். யாராவது தங்கள் கடிதத்தைப் படிக்க உட்கார்ந்தால், சற்று முன்புவரை முதுகுக்குப் பின்னால் ஒயரோடு இருந்தவர் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். மழை பெய்தாலும் வெளியேதான்.

அதிகம் தபால் வந்தது பிரசிடெண்ட் வீட்டுக்கு. ஆனால் பிரசிடெண்டுக்கு அல்ல, அவர் தங்கை சாந்தாமணிக்கு. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் எதையாவது சொல்லித் தட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள், படிப்பாள், பதில் எழுதுவாள். போகும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. யாரம்மா எழுதுகிறார்கள் என்று ஜாடையாகக் கேட்டேன். வெளியே நின்ற செக்ரட்டரி இருமினார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

பிரசிடெண்டின் காதுக்கு விஷயம் போக நாளாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனக்குப் பழக்கமான ஒரு போலீஸ் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மஃப்டியில் இருந்தார் அந்த அதிகாரி. முந்தின வருஷம் ஊரில் குண்டுகள் வெடித்ததிலிருந்து லாட்ஜ், டெலிபோன் பூத் எல்லாவற்றிலும் யார் வருகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று போலீஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம். பாதுகாப்பு விஷயம், பன்னிரண்டாம் நம்பர் பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றார் அவர். என் கை தானாகவே மவுஸ் பக்கம் போனது.

செக்ரட்டரி என் கையின் குறுக்கே அந்த மிட்டாய் அட்டையை வைத்தார். அதிகாரிக்கு நாற்காலி போட்டார், டீ சொன்னார். பிறகு, தாராளமாகப் பார்க்கலாம், எழுத்தில் ஒரு உத்தரவு மட்டும் வேண்டும் என்றார். தன் சர்வீசில் கடிதத்தைப் பிரிக்கச் சொல்லி வருகிறவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் கொண்டுவருவார்கள் என்றும், காகிதம் இருந்தால் தானே எடுத்துக் கொடுத்துவிடுவதாகவும், இல்லாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றும் நிதானமாகச் சொன்னார். இது தபால் ஆபீஸ் இல்லை, வாசகசாலை என்றார் அதிகாரி. ஆமாங்க, ஆனால் இது தபால்தானுங்களே என்றார் இவர். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று 'ங்க' இருந்தது. சிநேகிதருக்காக ஞாயிற்றுக்கிழமை வந்த மனிதரிடம் காகிதம் எப்படி இருக்கும்? டீயைக் குடித்துவிட்டு, உங்கள் குடும்ப விஷயத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று பிரசிடெண்டிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிரசிடெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "பன்னெண்டாம் நம்பர் என்ற ஊடுங்க. என்ற ஊட்டுக்கு வந்த தபால நான் பாக்கக் கூடாதுங்களா?"

"ஊட்டு நம்பர் உங்களுதுங்க. பேரு அந்த அம்மணியோடதுங்க."

அப்படியானால் மெஷின் என்னுடையது, நாளைக் காலையில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், என் வீட்டில் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் பிரசிடெண்ட். அதில் நியாயம் இருந்தது. செக்ரட்டரியும் அதை ஒப்புக்கொண்டார். "மெஷின் உங்களுதுதானுங்க. தாராளமா எடுத்துக்கங்க. உள்ள கெடக்கற தபால மட்டும் பட்டுவாடா செஞ்சுபோட்டுத் தர்றனுங்க. தபால் பையக் காலி பண்ணாமத் திருப்பிக் குடுக்கறது எங்க வழக்கமில்லீங்க."

அன்று மத்தியானமே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சாயங்காலம் வாசகசாலை முன்னால் மொத்தக் காலனியும் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய்த் தங்கள் பெட்டியைப் படித்து, வேண்டியதைத் தாளில் எடுத்துக்கொண்டு, மீதியை அழித்துவிட்டு வர வேண்டும். நான் உள்ளே ஒருமுறை செய்து காட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். காதுகுத்து வீட்டுக்காரரும் வரிசையில் நின்றார். இன்டர்நெட் பக்கமே வராத பக்கத்து வீட்டம்மாகூட, தனக்கும் ஏதாவது வந்திருக்குமோ என்று நின்றார். சாந்தாமணி வந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் புளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

எல்லாம் முடிந்ததும், அழித்தவை எல்லாம் உள்ளே ஒரு குப்பைக்கூடையில் போய்ச் சேர்ந்திருக்கும், அங்கிருந்து திரும்ப எடுக்கலாம் என்று செக்ரட்டரியிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "அழிச்சது அழியலீங்களா அம்மணி?" என்று கேட்டார். கூடையையும் காலி செய்து காட்டினேன். இன்னொருமுறை காட்டச் சொன்னார். அப்போதும் சந்தேகம் தீராமல் நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தார். மறுநாள் காலையில் பிரசிடெண்டின் ஆட்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் எதுவும் இல்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் செக்ரட்டரியை நீக்க வேண்டும் என்று பிரசிடெண்ட் தீர்மானம் கொண்டுவந்தார். சங்கத்துப் பத்திரிகைகளைச் சேதப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. இத்தனை வருஷமாக அதைச் சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கும் வாய் வரவில்லை. காதுகுத்து வீட்டுக்காரர் எழுந்து, ஓட்டையால் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று பொய் சொன்னார். ஆனால் செக்ரட்டரியே எழுந்து, குற்றச்சாட்டு உண்மைதான், வெட்டியது நான்தான், வெட்டுவது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எப்படிக் காப்பாற்றுவது? சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறு வாரத்திலிருந்து பத்திரிகைகள் முழுசாக வந்தன. ஆசையாக உட்கார்ந்து படித்தேன். தொடர்கதை அவ்வளவு நன்றாக இல்லை.

ஆனி மாதம் சாந்தாமணி பெங்களூருக்குக் கிளம்பினாள். வேலை கிடைத்திருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தாள். அண்ணன் தங்கை இடையே பேச்சு இல்லை. அண்ணன் மனைவிதான் பெட்டி கட்டிக் கொடுத்தாராம். போவதற்கு முந்தின நாள் செக்ரட்டரி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தாள். அவர் மனைவியோடு பேசிக்கொண்டு நானும் அங்கே இருந்தேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து வண்டிக்குக் கொண்டுபோகும் பையைத் தைத்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்கு எழுதுனது யாருன்னு உங்களுக்காச்சும் சொல்லிப்போட்டுப் போறனுங்க."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்.

"வேண்டாமுங்க அம்மணி. நாளைக்கு உங்கண்ணன் வந்து கேப்பாருங்க. தெரியாதுங்கன்னு நான் சொல்லோணும். அத நெசமாவே சொல்லோணுமுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது; சிரிப்பும் வந்தது. மேலே ஒன்றும் பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவர் சொன்னபடியே பிரசிடெண்ட் வந்தார். பதவியைப் பறித்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று இரண்டு தடவை தெரு முனைவரை வந்து திரும்பி, மூன்றாம் தடவை உள்ளே வந்தார். கோபமாக வரவில்லை. தங்கை யாரை நம்பிப் போகிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். தெரியாதுங்க என்றார் இவர். பிரசிடெண்ட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நம்பினார். பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தப் பெண் கெட்டிக்காரி, வெசனப்படாதீர்கள் என்று செக்ரட்டரி சொன்னாராம்.

பிரசிடெண்ட் என்னிடமும் வந்து கேட்டார். நானும் தெரியாதுங்க என்றேன். அதுவும் நிஜம்தான். ஆனால் செக்ரட்டரி சொன்ன நிம்மதியோடு என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு நிமிஷம் அந்த மனிதர் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

செக்ரட்டரி காலமாகி வெகுநாளாயிற்று. சாந்தாமணி நன்றாக இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு ஃபோன் செய்வாள். இந்த வருஷம் எப்படியும் கேட்டுவிடுவது என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஃபோனை எடுக்கிறேன். பிறகு, உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.